முழுச் சுற்று

எண்பத்து மூன்று கிலோ. எடை இயந்திரம் காட்டிய எண்ணை மருத்துவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார், ஒருமுறை படித்தால் போதாது என்பதுபோல. அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"மத்ததெல்லாம் பொருந்துதும்மா. ரத்தம் பொருந்துது, பிரஷர் இல்ல, சர்க்கரை இல்ல. உங்க தம்பிக்கு உங்களைவிட நல்ல ஆள் கிடைக்கிறது கஷ்டம். ஆனா இந்த எடையோட உங்க கிட்னியை எடுக்கிறதுக்கு எங்க குழு ஒத்துக்காது. எழுபத்து நாலுக்கு வாங்க. மூணு மாசம் டைம்."

"வந்துட்டா எடுத்துக்குவீங்கல்ல?"

"வந்துட்டா எடுத்துக்குவோம்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி தொண்டையைச் செருமினான். "ஒரு கிட்னி நூத்தம்பது கிராம்தானே டாக்டர்? ஒன்பது கிலோ இறக்கச் சொல்றீங்க. மிச்சத்தை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

மருத்துவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் அந்த எண்ணைக் கைப்பையிலிருந்த துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிறாள். கடையில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்குக்கூட. அரை மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் போட்டுக்கொள்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும் என்பதால், சொன்ன அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகாமல் வேலை செய்து பழகியவள். அந்தப் பழக்கம் கையோடு நிற்காமல் புத்திக்கும் ஏறிவிட்டது. ஐந்து நிமிடம் கொதிக்கவை என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்பாள்.

தம்பி எட்டு வயது இளையவன். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். பேருந்தை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் மனைவி இந்த நோய்க்கெல்லாம் முன்பே அவனை விட்டுப் போய்விட்டாள். அதனால் அவளை நன்றாகத் திட்ட முடியவில்லையே என்று அக்காவுக்கு ஒரு குறை உண்டு. தனக்கென்று கல்யாணம், பிள்ளை என்று எதுவும் இல்லாததைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. இவன் இருக்கிறான், போதும் என்றுதான் இருந்தாள்.

அவனுடைய இடது கையில் ஊசி குத்துவதற்கென்று அறுவை செய்து வைத்த ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டு வீணாகிவிட்டது. இப்போது வலது கை. அதுவும் போனால் கழுத்தில்தான் குழாய் செருக வேண்டும், கழுத்துக் குழாயை ரொம்ப நாள் நம்ப முடியாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் என்று மருத்துவர் சொன்னபோது அக்கா தம்பியின் வலது கையைத்தான் பார்த்தாள்.

அந்த வீட்டில் இன்னொரு சங்கதி உண்டு. தம்பிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. காபி, சூப் எல்லாம் அந்தக் கணக்கில்தான். முதல் மாதம் அக்கா அவனுக்குத் தெரியாமல் குளியலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவன் காது குழாய்ச் சத்தத்தைக் கேட்டுவிடும். கதவைத் திறந்துகொண்டு வந்தால் அவன் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். அதை அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அதே அளவில் இன்னொரு பாட்டில் வாங்கி, நிரப்பி, அவன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவுதான்."

"உனக்கென்ன பைத்தியமா? உனக்குத்தான் ஒழுங்கா வெளிய போகுதே."

"நான் ஒண்ணும் சாக மாட்டேன். வாயை மூடு."

வேறு யாராக இருந்தாலும் வீட்டில் பாட்டில் கணக்கு, கடையில் கண் மறைவாக ரெண்டு டம்ளர் என்று போயிருப்பார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கடைக்கும் அந்தப் பாட்டிலையே கொண்டுபோனாள்.

நடந்து எடை குறைப்பது ஆகாது, முட்டி தாங்காது. ஓடுவது பேச்சுக்கே இல்லை. கடைக்கு எதிரில் ஒரு மெத்தைக் கடையும், அதற்கு மேல்மாடியில் சைக்கிள் பயிற்சிக்கூடமும் இருந்தன. கீழே மெத்தை மேல் மெத்தையாக அடுக்கி, படுத்துப் பாருங்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஆசையைத் தாண்டி மாடி ஏறினால் இருட்டறையில் இருபத்து நான்கு சைக்கிள்கள் ஆணி அடித்ததுபோல நின்றிருக்கும். காலை ஆறு மணிக்கு இருபத்து நான்கு பேர் அதில் ஏறி உட்கார்ந்து, எங்கேயும் போகாமல் நாற்பத்தைந்து நிமிடம் வியர்த்துவிட்டு இறங்கிப் போவார்கள். எதிரே சுவரில் ஒரு பெரிய திரை. அவரவர் செல்லப்பெயரும் யார் எவ்வளவு மிதித்தார்கள் என்ற புள்ளியும் அதில் ஓடும். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பெயரைக் கேட்டபோது அக்காவுக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை. "அக்கான்னே போட்டுக்கோம்மா" என்றாள்.

பயிற்சி கொடுப்பவள் சதையே இல்லாத ஒரு பெண், இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவள் ஊதி யாரும் கேட்டதில்லை; ஆனாலும் பெயர் விசில் என்று நிலைத்துவிட்டது. ஏழாம் நம்பர் சைக்கிள் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியையுடையது. நாலு வருடமாக அதே சைக்கிள், அதே துண்டு. எட்டாம் நம்பரில் தடுமாறி ஏறிய அக்காவை அந்த அம்மாள் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே இறங்கி வந்து சீட்டை உயர்த்திவிட்டாள்.

"சீட்டு உன் இடுப்பெலும்புக்கு நேரா இருக்கணும். கால் கீழ போறப்ப முட்டி லேசா மடங்கியிருக்கணும், விறைச்சு நிக்கக் கூடாது. கைப்பிடியில சாயாதே, அது சாயறதுக்குக் கட்டின சுவர் இல்ல. ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் ரெண்டு மடக்கு தண்ணி. இவ்வளவு தெரிஞ்சா போதும், வந்ததுக்குப் பலன் கிடைச்சிடும்."

"சரிங்கம்மா."

"இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சிவப்புத் திருகு இருக்கே, வலது பக்கம் திருப்பினா பெடல் கனமாகும். அவ முழுச் சுற்று சொன்னா நீ கால் சுற்று திருப்பு. கை மட்டும் பெரிசா ஆடட்டும். இங்க எல்லாரும் அப்படித்தான். இல்லேன்னா உசுரோட வீட்டுக்குப் போக முடியாது."

முப்பது வருடம் காப்பி அடித்த பிள்ளைகளை வெளியே நிறுத்திய வாய் அது. அக்கா தலையாட்டினாள், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டு தொடங்கியது. "ஒரு முழுச் சுற்று," என்றாள் விசில். இருபத்து மூன்று கைகள் அழகாக ஆடின. எட்டாம் நம்பரில் மட்டும் சிவப்புத் திருகு நிஜமாகவே ஒரு முழுச் சுற்று திரும்பியது.

முதல் நாள் நாக்குத் தள்ளிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துப் படி ஒவ்வொன்றாக இறங்கி, மெத்தைக் கடை வாசலில் உட்கார்ந்து, கடைக்காரன் எழுந்து வருவதற்குள் எழுந்து போனாள். இரண்டாம் நாளும் போனாள். ஒரு மாதத்தில் எண்பது. அடுத்த மூன்று வாரத்தில் எழுபத்தெட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுபத்தாறரை. ஒருநாள் திரையில் எல்லாப் பெயருக்கும் மேலே அக்கா என்று வந்தது. விசில் ஒலிபெருக்கியில் சொன்னாள்: "அக்காவைப் பாருங்க. வந்து ரெண்டு மாசம் ஆகல. சொன்னதைச் சொன்னபடி செய்றாங்க. நீங்களும் இருக்கீங்களே."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பொருத்திய லென்ஸுக்கு ஒருவரும் பின்னறைக்கு வந்து நன்றி சொன்னதில்லை. தப்பாகப் போனால்தான் கூப்பிடுவார்கள். அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் இரண்டு தரம் சொன்னாள். அவன், "என் கிட்னி சைக்கிள் ஓட்டக் கத்துக்குது," என்றான். அவர்களுடைய நல்ல நாள் அது. அதற்கப்புறம் அந்த மாதிரி ஒன்று வரவில்லை.

ஒன்பதாவது வாரம் தம்பியின் வலது கைக் குழாய் அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தார்கள், சுத்தம் செய்தார்கள், இரண்டு நாள் ஓடியது, மறுபடி அடைத்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அக்காவும் அங்கேயே கிடந்தாள். பயிற்சிக்குப் போகவில்லை, பிஸ்கட்டும் பயமுமாகப் பொழுது போனது. கடைசியில் கழுத்தில் குழாய் செருகி, அதன் இரண்டு முனைகளும் சட்டைக் காலருக்கு வெளியே தொங்க, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கழுத்துக் குழாய்ல கிருமி தொத்தினா ரொம்பக் கஷ்டம்மா. நேரா இதயத்துக்குப் போற குழாய் அது. அடுத்த வியாழக்கிழமை குழு கூடுது. புதன்கிழமை காலையில உங்க எடையைப் பார்த்து ரத்தம் எடுக்கணும். சரியா இருந்தா அன்னிக்கே தேதி குறிச்சிடலாம். தவறினா அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு."

"இப்ப எவ்வளவு இருக்கேன்?"

"எழுபத்தேழு."

ஆறு நாளில் மூன்று கிலோ. அக்கா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்படிச் செய்யாதீர்கள் என்று அவரே சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவள் வாயைக் கட்டிவிட்டது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும்தான். தண்ணீரும் எடைதானே என்று பாட்டிலில் பாதியோடு நிறுத்திக்கொண்டாள். மருத்துவமனை நாற்காலியில் மடக்கியே வைத்திருந்த முட்டி வலித்ததால், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று வலி மாத்திரை போட்டாள். அந்த மாத்திரையும் காய்ந்த உடம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதன் அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அடுத்தவர் கண்ணுக்கு அளவு பார்த்தே பழகியவள், அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிறப்பு வகுப்பு, இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அன்றைக்குப் பார்த்து ஏசி வேலை செய்யவில்லை. மூலைக்கொரு மின்விசிறி வைத்திருந்தார்கள், அது சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பியது.

"ரெண்டு வாரம் வரலியே, மெதுவா ஆரம்பி," என்றாள் ஏழாம் நம்பர்.

"மெதுவா ஆரம்பிக்க நேரம் இல்லம்மா."

விசில் அன்று உற்சாகத்தில் இருந்தாள். ஒரு முழுச் சுற்று என்றாள். இன்னொரு முழுச் சுற்று என்றாள். எழுந்து நின்று மிதியுங்கள், இறங்காதீர்கள், இதுதான் மலை, மலை உச்சி தெரிகிறது என்றாள். அந்த அறையில் எல்லாருக்கும் அந்த மலையின் உண்மையான உயரம் தெரியும். அதில் கால்வாசியை ஏறிவிட்டு முகத்தில் மட்டும் முழு மலையின் களைப்பைக் காட்டினார்கள். அக்கா முழுவதையும் ஏறினாள். நாற்பதாவது நிமிடத்தில் தொடைகள் எரிந்தன. அறுபதாவது நிமிடத்தில் எரிச்சல் நின்றுபோய், கால்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. அது நல்லதுக்கு என்று நினைத்தாள்.

"தண்ணி குடி. உதடு வெடிச்சிருக்கு பார்," என்றாள் ஏழாம் நம்பர்.

"புதன்கிழமை குடிக்கிறேன்."

"என்ன சொல்றே?"

அக்கா மிதித்துக்கொண்டே இருந்தாள். திரையில் அக்கா என்ற பெயர் முதலிடத்தில் இருந்தது, இரண்டாவது பெயருக்கும் அதற்கும் நடுவில் நிறைய தூரம். வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் கை தட்டச் சொன்னாள் விசில். தட்டினார்கள். அக்காவால் சைக்கிளை விட்டு இறங்க முடியவில்லை. ஏழாம் நம்பர் கக்கத்தில் கை கொடுத்து இறக்கினாள்.

திங்கட்கிழமை மருந்துக்கடை இயந்திரத்தில் ஏறினாள். எழுபத்து நாலு, நூறு கிராம். நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டாள். இன்னும் நூறு கிராம், ஒரு செருப்பின் எடை. தொடை இரண்டும் கல்லாக வீங்கியிருந்தன, நாற்காலியில் உட்காருவதற்கு மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை அவள் உழைத்ததற்குக் கிடைத்த கூலி என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் கடையின் கழிப்பறையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குறைவு, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்று மட்டும் பாட்டில் முழுவதையும் குடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனைக்குப் போகும், போனால் ஏட்டில் ஏறும், ஏறினால் பேரை அடித்துவிடுவார்கள். புதன்கிழமை மட்டும் தாண்டட்டும்.

செவ்வாய்க்கிழமை எழுபத்தைந்து. ஒரு முட்டையையும் அந்த முக்கால் லிட்டரையும் தவிர எதையும் தொடவில்லை, எப்படி ஏறும்? இயந்திரம் சரியில்லை என்று இன்னொரு மருந்துக்கடைக்கு நொண்டிக்கொண்டே போனாள். அங்கே எழுபத்தைந்தும் இருநூறும். அன்று அவள் தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை. சிறுநீரும் போகவில்லை. குடிக்காததால் போகவில்லை என்று கணக்குப் போட்டாள். எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுகிறவள் இந்த ஒரு கணக்கை மட்டும் மூன்று நாளாகத் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே இந்த நோயைக் கரைத்துக் குடித்தவன் ஒருத்தன் இருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனுக்காகச் செய்வதை அவனிடமே எப்படிக் கேட்பது?

புதன்கிழமை காலை இரண்டு பேரும் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். தம்பி முகம் மழித்து, கழுத்துக் குழாய் தெரியாமல் காலரைப் போட்டு, வாசலில் நின்றான். அக்காவின் கால் செருப்புக்குள் போகவில்லை. வாரைத் தளர்த்தினாள். அப்படியும் போகவில்லை. குனிந்து, பாதத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

"நகரு," என்றான் தம்பி.

படியில் உட்கார்ந்து அவளுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கணுக்காலுக்கு மேலே கட்டை விரலை வைத்து அழுத்தினான். எடுத்தான். விரல் இருந்த இடத்தில் குழி அப்படியே நின்றது, உள்ளே நீர் கோத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"சைக்கிள் மிதிச்ச வீக்கம்டா."

"யூரின் என்ன கலர்ல போகுது?"

"நல்லாத்தான் போகுது."

"அக்கா. என்கிட்டயா?"

அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இன்னிக்கு ஒரு நாள் பேசாம இருடா. எடை பார்க்கட்டும். பேரு ஏறட்டும். அப்புறம் நாமளே சொல்லிடலாம்," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி கையை உதறினான். "எனக்காகச் செத்துப் போன்னு நான் உன்கிட்ட கேட்டேனா? என்னிக்காவது கேட்டேனா?" என்றான். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. அவன் பொருட்படுத்தவில்லை. அவளை முதுகில் தூக்க முயன்றான், அவனுக்குத் தெம்பு இல்லை. மேல் வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிவந்து தூக்கினான்.

மருத்துவமனையில் அவளை எடை இயந்திரத்தில் ஏற்றவில்லை, படுக்கையில் ஏற்றினார்கள். அளவுக்கு மீறி வேலை வாங்கியதில் தொடைத் தசை நொறுங்கி, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது, தண்ணீர் குடித்திருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும், உடனே வந்திருந்தாலும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் குழு இருக்கே டாக்டர்."

"அதை மறந்துடுங்கம்மா. இப்ப உங்க ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. திரும்ப வரலாம், பல பேருக்கு வருது. ஆனா வந்தாலும் ஒரு வருஷமாவது பார்க்காம உங்க பேரை யாரும் எடுக்க மாட்டாங்க."

ஒரு வருஷம் என்றதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பிக்கு ஒரு வருஷம் இல்லை என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

நாலு வாரம் அவளும் இயந்திரத்தில் கிடந்தாள். தம்பி தன்னுடைய நாள் இல்லாத நாளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்வெட்டர் எடுத்துட்டு வா, ரத்தம் வெளிய போய் வர்றப்ப குளிரும். கால் இழுத்தா உடனே நர்ஸைக் கூப்பிடு, பொறுத்துக்காதே. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதே. எல்லாம் சொல்லிக் கொடுத்தான். படியில் கத்தியதற்குப் பிறகு ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

விசில் ஒருநாள் ஏழாம் நம்பரோடு பார்க்க வந்தாள். வெளிச்சத்தில் அவள் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் பாதிகூடத் திருப்ப மாட்டாங்கக்கா. அது எனக்கும் தெரியும். அதனால ரெண்டு சுற்று வேணும்னா நாலு சுற்று சொல்லுவேன். உங்க நம்பர் அவ்வளவு வர்றதைப் பார்த்து மொதல்ல மெஷின் கோளாறுன்னுதான் நெனச்சேன். அப்புறம் உங்களைக் காட்டி மத்தவங்களைத் திட்டறதுக்கு வசதியா இருந்துச்சு. கேட்டிருக்கணும். நான் கேட்கல."

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் ஏழாம் நம்பர், யாரிடம் என்றில்லாமல். அவள் கண் சிவந்திருந்தது.

"நீ சொன்னதை நான் செஞ்சேன்," என்றாள் அக்கா விசிலிடம். "அவ்வளவுதான். அழாதே, போ."

அவளை மன்னித்தாளா என்றால், இல்லை. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளத் தெம்பு இல்லாமல் அனுப்பிவைத்தாள், அவ்வளவுதான்.

அக்காவின் சிறுநீரகம் ஐந்தாவது வாரம் விழித்துக்கொண்டது. அவளை வீட்டுக்கு அனுப்பிய பன்னிரண்டாம் நாள் தம்பிக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாயில் கிருமி. குழாயை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், வேறு இடத்தில் குழாய் போட இடம் தேடினார்கள். நாலு நாள் தாங்கினான். நாலாம் நாள் மத்தியானம் பார்வை நேரத்தில், அக்கா அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டான். நாற்பத்திரண்டு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவள் வேலைக்குப் போனாள். லென்ஸ் அறுத்தாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து, சிறுநீர் கொடுத்து, அவர்கள் சொன்ன தேதியில் தவறாமல் போய் வந்தாள். வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனை சொன்னதோ அவ்வளவு குடித்தாள்.

ஒரு வருடமும் ஒரு மாதமும் கழித்து அவள் போனபோது பழைய மருத்துவர் விடுப்பில் இருந்தார். அவருடைய இடத்தில் புதிதாக வந்த ஓர் இளம் மருத்துவர் கணினியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், முகம் மலர்ந்து அவள் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ரெண்டும் பழையபடி ஆயிடுச்சு. பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தா நம்பவே முடியல. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

அக்கா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "இப்ப ஒண்ணை எடுத்துட்டா, இன்னொண்ணு தாங்குமா டாக்டர்?"

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். எடையைப் பார்த்தார், எழுபத்தொன்று. அவசரப்படாமல் யோசித்தார், நல்ல மருத்துவர்தான்.

"தாங்கும்னுதான் தோணுது. சில டெஸ்ட் எடுக்கணும். ஏன், வீட்ல யாருக்காவது குடுக்கணுமா?"

"இல்ல," என்றாள் அக்கா. "யாரும் இல்ல. சும்மா கேட்டேன்."